முதுகில் ஏறி நலம் விசாரித்த நரி

ஒரு காட்டில், குழந்தைகளே, தண்ணீர் அடிவாரத்தில் இருந்தது. தாகம் மலைமேல் இருந்தது. கோடை வந்தால் மேல்காட்டுச் சுனை வற்றிவிடும். அப்போது ஆற்றுத் தண்ணீரைச் சுரைக்குடுக்கைகளில் நிரப்பி, முதுகின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு பாறை வழியே ஏறுவது கழுதையின் வேலை. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மேலே மான்குட்டிகளும் முயல்குட்டிகளும் உயிரோடு இருந்தன.

முன்பு அந்த வேலையைப் பார்த்த எருது, ஒருநாள் பாதி வழியில் ஒரு பாறையருகே படுத்தது. பிறகு எழவே இல்லை. சிங்கராஜா மிகவும் வருந்தினார்.

"உழைப்பவர்களின் உடலும் மனமும் நலமாக இருக்க வேண்டும். யாராவது போய் விசாரித்து வாருங்கள்," என்றார்.

"அந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன், அரசே," என்றது நரி.

மறுநாளே நரி நல அமைச்சர் ஆனது. ஒரு மாதம் காடெல்லாம் விசாரித்துவிட்டு ஆற்றங்கரைக்கு வந்து, கழுதையின் முதுகில் குடுக்கைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டது.

"வழி செங்குத்தாக இருக்கிறது. நானே களைத்துவிட்டால் உங்கள் நலத்தை யார் விசாரிப்பது?" என்று கேட்டது.

கழுதைக்கு அது நியாயமாகப் பட்டது. கழுதையின் குணம் அப்படி. யார் எதைச் சொன்னாலும் நியாயமாகப் படும்.

கொஞ்ச தூரம் ஏறியதும் மேலேயிருந்து குரல் வந்தது. "நலமா?"

"முதுகில் ஒரு புண் இருக்கிறது, ஐயா. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்."

"புண் முதுகில் இல்லை, மனத்தில் இருக்கிறது. மூச்சை நன்றாக இழுத்து விடு."

"இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை," என்று நரி முனகியது.

அன்று வேலை முடிந்ததும் கழுதையை நல அமைச்சரின் மகிழ்ச்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். நலமில்லை என்று சொன்னவர்களுக்கு அந்த வகுப்பு கட்டாயம். தூங்க வேண்டிய நேரத்தில் கழுதை, மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அணில் காதோடு சொன்னது: "அண்ணா, இனிமேல் நலம் என்று சொல்லித் தொலையுங்கள். போன மாதம் பல் வலிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வலி போய்விட்டது. வகுப்பு போகவில்லை."

அதன் பிறகு கேட்டபோதெல்லாம் கழுதை, "நலம்," என்றது. நரியும் அரசரிடம் போய், "எல்லாரும் நலம்," என்றது. புண் மட்டும் தன் பாட்டுக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. கால் இடறிக் குடுக்கைகள் உடைந்தன. மேலே தண்ணீர் குறைந்தது.

"எல்லாரும் நலம் என்றால் தண்ணீர் ஏன் குறைகிறது?" என்று சிங்கராஜா கேட்டார்.

"விசாரிப்பது போதவில்லை, அரசே. உதவிக்கு ஆள் வேண்டும்."

கைதட்டி உற்சாகப்படுத்தக் குரங்கு வந்தது. மன அமைதிக்கு எடுத்துக்காட்டாகக் கரடி வந்தது. ஏறி உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டது. எல்லாருக்கும் இடம் வேண்டுமே என்று குடுக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் ஒரே ஒரு குடுக்கை மிஞ்சியது. அதையும் கரடி தலைக்கு வைத்துக்கொண்டது.

கழுதைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எருது படுத்த பாறையைத் தாண்டும்போதெல்லாம் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படியே போனால் தனக்கும் இதே இடம்தான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் சொல்வது? சொன்னால் வகுப்பு.

அந்தச் சமயத்தில், மேலே ஒரு மான்குட்டி தாகத்தால் மயங்கி விழுந்தது. செய்தி கேட்ட சிங்கராஜா தாமே பாறை வழியில் இறங்கி வந்தார். எதிரே கழுதை வந்தது. அதன்மேல் மூன்று பேர் இருந்தார்கள்.

"நலமா?" என்று கேட்டார்.

"நலம், அரசே," என்று சொல்லிவிட்டுக் கழுதை விழுந்தது.

அமைச்சரும் உதவியாளர்களும் உருண்டுபோய் முட்புதரில் கிடந்தார்கள். கரடி கூட விழித்துக்கொண்டது. கழுதை மூடிய கண்ணைத் திறக்கவில்லை. சிங்கராஜா அதன் தலைமாட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். கடைசியில் ஒரு காது அசைந்தது. பிறகு முன்னங்காலை ஊன்றிக் கழுதை மெல்ல எழுந்து நின்றது.

நரி முட்களைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தது. "பார்த்தீர்களா, அரசே? எல்லாம் மூச்சுப் பயிற்சியின் பலன்."

"இல்லை. நீ இறங்கியதன் பலன்," என்றார் சிங்கராஜா.

புண் ஆறும்வரை கழுதை நிழலில் படுத்திருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. தண்ணீர்க் குடுக்கைகள் நரி, குரங்கு, கரடி மூவரின் முதுகிலும் ஏறின. சிங்கராஜாவும் கூடவே நடந்தார்.

பாதி வழியில் நரி உட்கார்ந்துவிட்டது. "அரசே, எனக்கு நலமில்லை," என்றது.

சிங்கராஜா ஒன்றும் கேட்கவில்லை. நரியின் முதுகிலிருந்து ஒரு குடுக்கையை எடுத்துத் தம் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

நீதி: பிறர் நலத்தை விசாரிக்க விரும்புபவர், முதலில் அவர்களின் முதுகிலிருந்து இறங்க வேண்டும்.