குரங்கு கட்டிய ராக்கெட்

ஒரு காட்டில் ஒரு மலையணில் இருந்தது, குழந்தைகளே. வாயில் கொட்டை இருக்கிற நேரம் தவிர, மற்ற நேரமெல்லாம் அதற்கு "ஏன்?" தான்.

அந்த வருஷம் கொட்டிய மழையில் ஆறு கரைபுரண்டது. ஆற்று நடுவே ஒரு பாறையில் குரங்கின் குட்டி மாட்டிக்கொண்டது. உதவிக்குக் கூப்பிட ஒரு பறவைகூட இல்லை. எல்லாம் மழைக்கு முன்பே வேறு காட்டுக்குப் போய்விட்டன.

"அப்பா, தண்ணி என் காலைத் தொடுது!" என்று கத்தியது குட்டி.

குரங்கு கெட்டிக்கார வேலைக்காரன்தான். ஆனால் சரியான அவசரக்குடுக்கை! திருவிழாவில் தூக்கி வந்த வாணமருந்துக் குழாய் ஒன்றே ஒன்று அதனிடம் இருந்தது. அதை மூங்கில் குழலுக்குள் செருகி, ஓலை இறக்கைகள் வைத்து ஒரு ராக்கெட் கட்டியது. ராக்கெட்டோடு ஒரு நூல் பறந்து போகும். குட்டி நூலை இழுத்தால், அதன் மறுநுனியில் கட்டிய கொடி பாறைக்குப் போய்ச் சேரும். கொடியைப் பாறை முனையில் கட்டிவிட்டுத் தொங்கிக்கொண்டே கரைக்கு வந்துவிடலாம்.

"குரங்கண்ணே, இறக்கையை ஏன் முன்னால கட்டியிருக்கே?" என்றது அணில்.

"பறவைக்கு எங்கே இருக்கு? முன்னாலதானே! போ அந்தப் பக்கம்."

அணிலுக்கும் பயம்தான். நம்மால் நேரம் வீணாகிவிட்டால்? ஆனாலும் அதற்கு மனசு கேட்கவில்லை.

"இருக்கிறது ஒரே குழாய், அண்ணே. பத்த வைக்காம கயித்துல கட்டி ஒரு தடவை சுத்திப் பார்த்துடுவோமே!"

"என் பிள்ளை அங்கே தவிக்குது, உனக்கு விளையாட்டா?"

அணில் விடவில்லை. ராக்கெட்டை வாங்கி விரல்மேல் வைத்துப் பார்த்தது. எந்த இடத்தில் அது இரண்டு பக்கமும் சாயாமல் நின்றதோ, அந்த எடைமையத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் விர்ரென்று சுற்றியது.

அடடா! ராக்கெட் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பறந்தது!

குரங்கு அலறியது. "ஐயையோ, நம்ம பக்கமே திரும்பி வந்திருக்குமே!"

"காத்து இறக்கையைப் பிடிச்சுப் பின்னால தள்ளுது, அண்ணே. இறக்கை எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கம்தான் பின்னால போகும்."

இறக்கைகளை அவிழ்த்து வால்பக்கம் கட்டினார்கள். முன்பக்கம் கனமாக இருக்க, மூக்கில் ஓர் உருண்டை களிமண்ணை அப்பினார்கள். மறுபடி எடைமையம் பார்த்துச் சுற்றினால், மூக்கு முன்னால் போனது.

நேரான குச்சி ஒன்றைப் பாறைப் பக்கம் சாய்த்து நட்டு, அதில் ராக்கெட்டை நார் வளையம் கட்டிக் கோத்தார்கள். நூல் எரியாமலிருக்க அதை நனைத்தார்கள்.

"மூணு, ரெண்டு, ஒண்ணு!"

புஸ்ஸ்ஸ்! ராக்கெட் பாறையைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. நூல் குட்டியின் தோள்மேலேயே கிடந்தது.

கொடியில் தொங்கித் தொங்கிக் குட்டி கரை வந்து சேர்ந்தது. குரங்கு அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது.

"அணிலு, பிள்ளை போயிருந்தா நான் ஆத்தைத்தான் திட்டியிருப்பேன். தப்பு என் கையிலேன்னு நினைச்சே பார்த்திருக்க மாட்டேன்."

நீதி: ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கிறது என்றால், எவ்வளவு அவசரமானாலும் முதலில் சோதித்துப் பார்.