வெத்தலை வாயில இருக்கிற வரைக்கும்

அந்தப் பாளையத்துல ஒரு வழக்கம் உண்டு. யாராவது முறையிட வந்தா, பாளையக்காரர் ஒரு சுருள் வெத்தலையை எடுத்து வாயில போட்டுக்குவாரு. அவர் மெல்லுற வரைக்கும் பேசலாம். படிக்கம் பக்கம் தலையைத் திருப்பித் துப்பிட்டாரா, பேச்சு முடிஞ்சுது. அதுக்கப்புறம் தீர்ப்பு மட்டும்தான். அழுதாலும் சரி, கால்ல விழுந்து புரண்டாலும் சரி, ஒரு சொல்லு காதுல ஏறாது.

இன்னைக்கு அந்த வெத்தலைக்கு முன்னால நிக்கப் போறது தாண்டவன்.

அவன் தங்கச்சி பேச்சியம்மா புருஷன் ஒச்சப்பன், கோட்டைக் கொட்டடியில கிடக்கிறான். பெரிய ஏரியோட மேற்குக் கரையை மம்பட்டியால வெட்டி விட்டுட்டான். அந்தப் பக்கம்தான் அவனோட கொல்லை. "சொந்தக் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சத்தான் வெட்டினான்"னு ஏரிக் காவக்காரங்க அடிச்சுச் சொல்லிட்டாங்க. கரையை வெட்டினவனுக்கு அங்க ஒரே தண்டனை. வலது கை. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள.

முறையிடறவன் சொந்தக்காரனா இருக்கணும்ங்கிறதும் வழக்கம். ஒச்சப்பனுக்கு தாண்டவனை விட்டா நாதி கிடையாது.

தாண்டவனுக்கு அம்பது வயசு தாண்டிடுச்சு. சுங்கத்துல கணக்கு எழுதிட்டு இருந்தவன், அதை உதறிட்டு பூங்காவனத்துகிட்ட சீடனா சேந்தான். பூங்காவனம் அவன் மக வயசு. ஆத்தோரம் குடிசை. ஓலை படிச்சு அர்த்தம் சொல்றதுல அவளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. "என்னய்யா, தலை நரைச்சப்புறம் அரிச்சுவடியா?"ன்னு ஊரே கேலி பண்ணுச்சு. தாண்டவன் கண்டுக்கல. எவ்வளவு நீள ஓலையா இருந்தாலும் ஒரு வாட்டி படிச்சா அப்படியே ஒப்பிச்சிடுவான், அதுல அவனுக்கு ஒரு கர்வம். ஆனா "என்னண்ணே சொல்லுது இது?"ன்னு பூங்காவனம் கேட்டா மட்டும், பாவம், மறுபடியும் முதல்லேருந்து ஒப்பிப்பான்.

கோட்டையில சபைக்கு அழைக்கிற முதல் நகரா முரசு முழங்குறப்ப, தாண்டவன் மூச்சு இரைக்க குடிசைக்குள்ள வந்து விழுந்தான். கையில ஒரு பெரிய ஓலைக்கட்டு. ஊர்க்காரங்க சொன்னதையெல்லாம் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தாரு.

"குருவம்மா! எல்லாம் இதுல இருக்கு. அத்தனையும் மனப்பாடம். ஒரு எழுத்து விடமாட்டேன்!"

பூங்காவனம் கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தா. முறத்தைத் தள்ளி வெச்சா. வெத்தலைப் பெட்டியைத் திறந்தா. ஒரு சுருளை வாயில போட்டுக்கிட்டு நிமிந்து உக்காந்தா.

"ம்" னா.

தாண்டவனுக்குப் புரிஞ்சு போச்சு. தொண்டையைச் செருமினான்.

"மகாராஜா சமூகத்துக்கு ஊர்க்குடிகள் தெண்டனிட்டு எழுதிக்கிட்டது. இந்த வருஷம் ஐப்பசி மழை நல்லா பேஞ்சுது. ஏரி நிறைஞ்சுது. நிறைஞ்ச அன்னைக்கு அம்மனுக்கு பொங்க வெச்சோம். ஒச்சப்பன் தகப்பன் பேரு மொக்கையன். வம்சத்துல களவு கிடையாது, பொய் கிடையாது. சம்பவத்தன்னைக்குக் காலையில நல்லாண்டி வீட்டு ஆடு ரெட்டைக் குட்டி போட்டுச்சு..."

புளிச்.

வாசல் மண்ணுல செக்கச்செவேல்னு விழுந்துச்சு.

"கை போச்சு" னா பூங்காவனம்.

"ஐயோ, நான் இன்னும் ஏரிக்கரைக்கே வரலையே!"

"நீங்க வர்றதுக்குள்ள ராஜா கிளம்பிட்டாரு."

தாண்டவன் ஓலையைப் பரபரன்னு தள்ளினான். எங்க படிச்சப்ப அவன் கண்ணு கலங்குச்சோ, அங்க விரலை வெச்சான்.

"இது! இதைச் சொல்றேன்!"

அடுத்த சுருள் உள்ள போச்சு.

"ராஜா, என் தங்கச்சி முழுகாம இருக்கா. மாசம் ஏழு. மாமியாருக்குக் கண்ணு தெரியாது. அவன் கையை நம்பித்தான் அந்த வீட்டுல உலை கொதிக்குது. கொட்டடி வாசல்ல கஞ்சிக் கலயத்தோட அவ உக்காந்திருக்கிறதைப் பாத்தா..."

பூங்காவனம் கண்ணை மூடிக் கேட்டா. பொறுமையா மென்னா. அப்புறம் துப்பினா.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒரு மூட்டை நெல்லு அனுப்பச் சொல்லுவாரு. நல்ல மனுஷன் ராஜா."

"அப்ப கை?"

"கரையை வெட்டினானா இல்லையாங்கிறதுதான் கேள்வி. கர்ப்பமா இல்லையாங்கிறது கேள்வி இல்லையே. கை போச்சு."

ரெண்டாவது நகரா முழங்குச்சு. பூங்காவனம் இன்னொரு சுருளை வாயில போட்டுக்கிட்டா. தாண்டவன் துள்ளி எழுந்தான். பயம் முத்திக் கோவம் வந்துடுச்சு அவனுக்கு.

"ஊரைக் காப்பாத்தத்தான் வெட்டினான்! கிழக்குக் கரை உடைய இருந்துச்சு, அதுக்குக் கீழதான் ஊரே இருக்கு! தண்ணியை மேற்க திருப்பி விடலேன்னா ஊரு போயிருக்கும். போதுமா? இதுதான் விஷயம், வேறென்ன வேணும் உங்களுக்கு!"

பூங்காவனம் முகத்துல முதல் தடவையா ஒரு வெளிச்சம்.

"இதை எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"எப்படின்னா... இதை எடுத்துட்டா மத்த ஓலையில எதுவும் எதுக்கும் ஒட்டலையே. ஆடு ஒரு பக்கம் நிக்குது, மழை ஒரு பக்கம் நிக்குது."

"ம்." வெத்தலை இன்னும் வாயிலதான் இருந்துச்சு. ரெண்டு மென்னுட்டு அதையும் துப்பினா. "இப்பவும் கை போச்சு."

"ஏன்?"

"நீங்க மச்சான். மச்சான்னா அப்படித்தான் சொல்லுவான். ஊரைக் காப்பாத்தினான்னு நீங்க சொல்றீங்க. கொல்லைக்குப் பாய்ச்சினான்னு காவக்காரன் சொல்றான். ராஜா எதுக்கு உங்களை நம்பணும்?"

தாண்டவன் ஓலைக்கட்டை அவிழ்த்துத் தரை பூரா பரப்பினான். ஒவ்வொண்ணா எடுத்தான். ஐப்பசி மழை. நம்புறதுக்கு அது உதவாது. தள்ளினான். மொக்கையன் வம்சம். தள்ளினான். கிழக்குக் கரையில மண்ணு ஊறிக் கிடந்ததை நல்லாண்டி பாத்தான். நல்லாண்டி ஒச்சப்பனுக்குக் கூட்டாளி, அவன் வாயை யாரு நம்புவா? தள்ளினான். பானை செய்யிற வேம்பனோட சூளை நனைஞ்சு போச்சு, அரண்மனைக்கு ஓடிப் போய் வசவு வாங்கிட்டு வந்தான். ஒருத்தன் வசவு வாங்கினதுல என்ன இருக்கு? ஆட்டுக்குட்டி பக்கத்துல அதையும் தள்ளினான். எல்லாத்தையும் தள்ளிட்டான். தரையில ஒண்ணும் மிச்சமில்ல.

"எதைச் சொன்னா நம்புவாங்க குருவம்மா?"

"நம்பப் போறது யாரு?"

"ராஜா."

"அப்ப என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

மூணாவது நகரா. இதுக்கு மேல நின்னா கோட்டைக் கதவைச் சாத்திடுவாங்க. ஓலையை அள்ள குனிஞ்சான். பூங்காவனம் அது மேல முறத்தைக் கவுத்தி வெச்சா.

"வெறுங்கையோட போங்க."

ஓடினான். வழியெல்லாம் ஒப்பிச்சுக்கிட்டே ஓடினான். ஆடு, மழை, மாமியார், கஞ்சிக் கலயம், எல்லாம் தலைக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிச்சுது.

சபையில ஒச்சப்பனைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தாங்க. மணிக்கட்டுல கயிறு. ஓரத்துல கை வெட்டுற மரக்கட்டை. அதைப் பாக்கக் கூடாதுன்னு தாண்டவன் தரையைப் பாத்தான்.

பாளையக்காரர் வெத்தலைச் சுருளை வாயில போட்டாரு.

"ராஜா, என் மச்சான் ஊரைக் காப்பாத்தத்தான் மேற்குக் கரையை வெட்டினான். அவன் வெட்டுறதுக்கு முன்னாலயே கிழக்குக் கரை ஒழுக ஆரம்பிச்சிடுச்சு."

சொல்லிட்டான். சபை அசையல. பாளையக்காரர் தாடை மட்டும் அசைஞ்சுது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கண்ணுல ஒரு சலிப்பு. மச்சான்தானே, வேற என்ன சொல்லுவான்!

படிக்கம் பிடிக்கிறவன் ஒரு அடி முன்னால வந்தான்.

தாண்டவன் தொண்டை வரைக்கும் பேச்சியம்மா வந்துட்டா. ஏழு மாசம்னு சொல்ல வாயைத் திறந்தான். பல்லைக் கடிச்சு மூடினான். நம்பப் போறது யாரு? இந்த ஆளு. இந்த ஆளு யாரைத்தான் நம்புவாரு? நல்லாண்டியை நம்ப மாட்டாரு. என்னை நம்ப மாட்டாரு. தன்னைத் தவிர யாரையும் நம்பாத மனுஷன்.

தன்னைத் தவிர.

பாளையக்காரர் கழுத்து படிக்கம் பக்கம் திரும்புச்சு.

"ராஜா! அன்னைக்கு உச்சிப்பொழுதுல வேம்பன் உங்க முன்னால வந்து நின்னானே! உங்க மக கல்யாணத்துக்குச் செஞ்ச மணப்பந்தல் அரசாணிப் பானையெல்லாம் சூளையில தண்ணி புகுந்து கரைஞ்சு போச்சுன்னு அழுதானே. சாக்கு சொல்றியாடான்னு நீங்கதான் ஏசி அனுப்பினீங்க. அந்தச் சூளை கிழக்குக் கரைக்கு அடியில இருக்கு. என் மச்சான் மம்பட்டியை எடுத்தது பொழுது சாய்ஞ்சப்புறம்."

அதோட நிறுத்தினான். வாய்க்குள்ள இன்னும் ஒரு ஓலைக்கட்டு இருந்துச்சு. ஒண்ணையும் வெளிய விடல.

பாளையக்காரர் தாடை நின்னு போச்சு.

படிக்கம் நீட்டினவன் நீட்டினபடியே நிக்கிறான். அவர் துப்பல. எச்சில் முழுங்குற சத்தம் கேட்டுச்சு. வெத்தலைச் சாறு அப்படியே உள்ள போச்சு. அவர் முழுங்கி அந்தச் சபை பாத்ததே கிடையாது.

"உச்சிப்பொழுதுதான்" னாரு மெதுவா, தனக்குத்தானே. "சாப்பிட உக்காந்திருந்தேன்."

அப்புறம் ஒச்சப்பனைப் பாத்தாரு. "கயிறை அவுருங்கடா."

சபையே மூச்சு விட்டுச்சு. ஆனா அவர் எழுந்திருக்கல. குரல் இறுகிப் போயிருந்துச்சு.

"வெட்டினவன் மேல தப்பில்ல. சரி. அப்ப கிழக்குக் கரை எப்படிய்யா ஒழுகுச்சு? யாரோ ஒருத்தன் ஒழுங்கா பாக்கல. அந்தக் கட்டை அங்கேயே கிடக்கட்டும். உன் ஊர்க்காரங்க எழுதினதெல்லாம் உன்கிட்ட இருக்குல்ல? நாளைக்கு நீயே வந்து சொல்லு, யாருன்னு."

ஒச்சப்பனைத் தங்கச்சி கையில ஒப்படைச்சிட்டு, தாண்டவன் குடிசைக்குப் பறந்து வந்தான். அம்பது வயசு ஆளு, சின்னப் புள்ளையாட்டம் குதிச்சான்.

"சூளை, குருவம்மா! ஆட்டுக்குட்டியோட சேத்துத் தள்ளினேனே, அந்தச் சூளை! முழுங்கிட்டாரு! துப்பவே இல்ல! மச்சானை விட்டுட்டாங்க!"

"கை இருக்கா?"

"ரெண்டும் இருக்கு!"

பூங்காவனம் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "உக்காருங்க. மோர் குடிங்க."

ஒரே மூச்சுல குடிச்சான். "நாளைக்கும் கூப்பிட்டிருக்காரு. கிழக்குக் கரை ஒழுகினதுக்கு யாரு பொறுப்புன்னு சொல்லணுமாம். எனக்கென்ன, சூளை இருக்கு, அதையே திருப்பிச் சொன்னா முடிஞ்சுது. இப்பத்தான் படிக்கிற சூட்சுமம் பிடிபட்டுச்சே! இந்த ஓலையெல்லாம் இனிமே எதுக்கு? அடுப்புல வெச்சிடவா?"

பூங்காவனம் முறத்தை நிமித்தினா. அடியில ஓலையெல்லாம் அப்படியே சிதறிக் கிடந்துச்சு.

"நாளைக்கு நீங்க யார் பேரைச் சொல்றீங்களோ, அவனுக்கும் ஒரு மச்சான் இருப்பான்லண்ணே?"

தாண்டவன் மோர்ச் செம்பைக் கீழ வெச்சான்.

"கேள்வி மாறிடுச்சு" னா பூங்காவனம். "முதல் ஓலையிலேருந்து படிங்க."