மிரளாத குதிரையும் பதினேழாம் விதியும்

ஒரு விதி உயிரோடு இருக்கிறதா, செத்துப்போச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பீர்களா? கூழைநத்தத்துக்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த வழியில் வசமாக மாட்டிக்கொண்டவள் கீரைக்கார அன்னக்கொடி.

அன்னக்கொடி விடிந்ததும் கொல்லையில் கீரை பறித்து, கட்டுக் கட்டி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். கிளம்புகிறவள் "கீரையோய்" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டாமா? கொடுக்கக் கூடாது. கூழைநத்தத்தில் பதினேழாம் விதி என்று ஒன்று இருந்தது. 'தெருவில் எவரும் கூவக் கூடாது. கூவினால் ஜமீன்தாரின் குதிரை மிரளும். மீறினால் கையிலுள்ள சரக்குப் பறிமுதல்.' ஜமீன்தார் போய், ஜமீன் போய், குதிரையும் போய் எழுபது வருஷம் ஆயிற்று. விதி மட்டும் போகவில்லை.

அதனால் வாயை மூடிக்கொண்டே தெருவில் நடப்பாள். அடுப்படியில் இருப்பவர்களுக்கு அவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆடுகளுக்கு மட்டும் தெரியும். அவள் முன்னால் போக, ஏழெட்டு ஆடுகள் பின்னால் போகும். பார்க்கிறவர்கள் ஆடு மேய்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசி வீட்டுச் சடையன் தாத்தா மட்டும் தினமும் வாசலில் நின்று ஒரு கட்டு வாங்குவார். அவருக்கு இரண்டு காதும் கேட்காது. கூவினாலும் கூவாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். மிச்சக் கீரையெல்லாம் உச்சிவெயிலில் துவண்டு, ஆட்டுக்குத்தான் போகும்.

"இந்த வாரமும் இப்படியே போனா, பாத்தியை அழிச்சுட்டுச் செங்கச் சூளைக்குத்தான் போகணும்," என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். சூளை இருபது மைல் தள்ளி. கைப்பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மேலிடத்துக் கடிதம் வந்தது. 'உங்கள் ஊரின் பழைய விதிகளில் பயன்பாட்டில் இல்லாதவற்றை நீக்கவும். பயன்பாட்டில் உள்ளவற்றை வைத்துக்கொள்ளவும். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவும்.'

முடிவெடுக்க மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் மொக்கையன், எழுத்தர் ஞானப்பழம், உறுப்பினர் தவசி. ஞானப்பழம் என்பது பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர். அதற்கு அவர் பொறுப்பில்லை. அன்னக்கொடி கூடையோடு போய் அலுவலகத்து நிலைப்படிக்கு உள்ளே ஓரமாக நின்றாள்.

"ஒரு விதி பயன்பாட்டுல இருக்குன்னு எப்படிய்யா தெரிஞ்சுக்கிறது?" என்றார் தலைவர்.

தவசி நெடுநேரம் யோசித்தார். "மம்பட்டி பயன்பாட்டுல இருக்கான்னு எப்படிப் பார்க்கிறோம்? தேஞ்சிருந்தா இருக்கு. துருப்பிடிச்சிருந்தா இல்லை. விதியும் அப்படித்தான். யாராச்சும் மீறிக்கிட்டே இருந்தா, அதுக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். ஒருத்தரும் மீறலைன்னா, சும்மா கிடக்குன்னு அர்த்தம்."

"அடேயப்பா!" என்றார் தலைவர். ஞானப்பழம் அதை இரண்டு தடவை எழுதி வைத்துக்கொண்டார்.

முதல் விதியை எடுத்தார்கள். 'அலுவலகச் சுவரில் வெற்றிலை எச்சில் துப்பக் கூடாது.' மூவரும் சுவரைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு அடித்த இடமே தெரியவில்லை.

"பாவம், ஓயாம உழைக்கிற விதி," என்றார் ஞானப்பழம். எதற்கும் இருக்கட்டும் என்று தலைவர் எழுந்து போய் ஒருமுறை துப்பிப் பார்த்துவிட்டு வந்தார். "இருக்கட்டும்!" முத்திரை விழுந்தது.

அடுத்தது, 'குடிதண்ணீர் ஊருணியில் எருமை இறக்கக் கூடாது.'

"யாராச்சும் இறக்கினதைப் பார்த்திருக்கியா?"

"எங்க அப்பா காலத்துலயும் இல்லையே."

"அப்ப அம்பது வருஷமா ஒரு வேலையும் செய்யலை! நீக்கு."

அன்னக்கொடிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அந்த விதி இருக்கப் போய்த்தானே யாரும் இறக்கலை?"

"அன்னக்கொடி, நீ கீரைக்குப் பேசு. விதிக்கு நாங்க பேசிக்கிறோம்," என்றார் தவசி.

ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எருமைக்காரர் அப்படியே நடையைக் கட்டினார். மத்தியானத்துக்குள் ஊருணியில் பதினாலு எருமை. சாயங்காலம் ஊர் முழுக்கச் சோறும் குழம்பும் ஒரே எருமை வாசனை. மறுநாள் காலையில் பெண்கள் வெறுங்குடத்தோடு அலுவலகத்தை வளைத்துக்கொண்டார்கள்.

"விதியைத் திரும்ப வச்சுருவோம். அதான் மீறிட்டாங்களே!" என்றார் தவசி.

"எப்படி மீற முடியும்? நீக்கியாச்சே. இல்லாத வேலியை எருமை தாண்டுச்சுன்னு சொல்லுவியா?" என்று மடக்கினார் ஞானப்பழம்.

தலைவர்தான் வழி சொன்னார். எருமை உள்ளே இருக்கும்போதே விதியை வைத்துவிட்டால், வைத்த கணத்திலேயே மீறினதாகிவிடும். மீறினதாகிவிட்டால் பயன்பாட்டில் இருக்கிறதாகிவிடும். மூவரும் முத்திரையைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு ஓடினார்கள். அங்கே எருமைக்காரர், பெண்களின் வாய்க்குப் பயந்து, எருமைகளை ஒவ்வொன்றாக வெளியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துய்யா! முத்திரை குத்துற வரைக்கும் ஒரு எருமையும் கரையேறக் கூடாது. ஏறுனா விதி செத்துரும்!" என்று பதறிய தலைவர், ஏறின எருமைகளையும் தானே தள்ளி உள்ளே விட்டார். மை காய்ந்து போயிருந்ததால் முத்திரை விழ அந்திவரை ஆயிற்று.

புதன்கிழமை இன்னொரு சோதனை. விதித் தாள்களைப் போட்டு வைத்திருந்த பழைய பெட்டியில் கிடந்த ஒரு தாளில், 'இந்தப் பெட்டியை எவரும் திறக்கக் கூடாது' என்று இருந்தது. மீறியது தாங்கள்தான் என்பதால் விதி உயிரோடு இருக்கிறது என்று முடிவாகி, பெட்டியை உடனே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஞானப்பழம் பின்பக்கத்தில் எலி போட்ட ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒவ்வொரு விதியாக உருவினார். கைக்கு எது வந்ததோ அது. பதினேழாம் விதி வரவே மாட்டேன் என்றது. அன்னக்கொடி தினமும் வந்து நின்றாள். கீரை தினமும் துவண்டது.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அது கையில் சிக்கியது.

"தெருவுல யாராச்சும் கூவிக் கேட்டிருக்கியா?"

"எங்க? வாயுள்ள அன்னக்கொடியே கூவலையே."

"அப்ப சும்மா கிடக்கு. நீக்கு!"

ஞானப்பழம் முத்திரையில் வாயால் ஊதிக் கையை ஓங்கினார். அன்னக்கொடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தொண்டைக்குள் கிடந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

"அரைக்கீரை, சிறுகீரை, மொளக்கீரையோய்!"

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"மீறிட்டா," என்றார் தவசி மெதுவாக.

"விதிக்கு உயிர் வந்துருச்சு," என்றார் ஞானப்பழம்.

"அண்ணே, நான் ஆபீசுக்குள்ளதானே நிக்கிறேன்? விதி தெருவுக்குத்தானே?"

நியாயம்தான். சத்தம் தெருவுக்கு வந்ததா என்று பார்க்கத் தவசி வெளியே போனார். போனவர் திரும்பி வந்து, "இங்கிட்டும் பார்த்தேன், அங்கிட்டும் பார்த்தேன். காணோம். வந்துட்டுப் போயிருக்கும்போல," என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அந்தக் குரலுக்கு ஓடிவந்த எட்டு ஆடுகள் படியேறி உள்ளே நுழைந்தன.

"சாட்சி வந்தாச்சு," என்றார் தலைவர். விதி இருக்கட்டும் என்றாகிவிட்டது. கூடையும் பறிமுதல், தலைவர் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்னக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மூன்று முகங்களையும் நன்றாகப் பார்த்தாள். இவர்களிடம் அறிவைக் காட்டினால் அறிவுக்குத்தான் நஷ்டம் என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

"சரிங்கண்ணே. அந்த விதி யாருக்காகப் போட்டது? குதிரைக்காக. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? குதிரை மிரளலைன்னா விதி எதுக்கு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவரை விசாரிக்காமல் விட்டது பெரிய பிசகுதான்.

"குதிரை இப்ப எங்கய்யா இருக்கு?"

"புளியந்தோப்புல, மூணாவது மரத்தடியில. எங்க தாத்தாதான் குழிவெட்டினார்," என்றார் தவசி.

"நல்லதாப் போச்சு. வேற எங்கிட்டும் போயிருக்காது."

தோப்பு தெருவில் இல்லை என்பதை ஞானப்பழம் முதலில் எழுதிக்கொண்டார். தலைவர் மூன்றாவது மரத்தடியில் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தார். அன்னக்கொடி கூவினாள்.

"அசையலை," என்றார் தலைவர்.

"தூங்குதோ என்னவோ. தூங்குற குதிரையை வச்சு முடிவெடுக்கக் கூடாது," என்றார் ஞானப்பழம்.

இரண்டாவது தடவை கூவினாள். மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து கூவினாள். தோப்பிலிருந்த காக்காயெல்லாம் கிளம்பிப் பறந்தன. தவசி துள்ளி ஒரு பள்ளத்தில் விழுந்தார்.

தலைவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "காக்கா மிரண்டுச்சு. தவசி மிரண்டான். குதிரை இம்மிகூட மிரளலை. ஜமீன் குதிரைன்னா சும்மாவா?"

தவசியைக் குனியச் சொல்லி, அவர் முதுகில் தாளை வைத்து 'நீக்கம்' என்று குத்தினார்கள். அன்னக்கொடி ஓடிப்போய்க் கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி வாயைத் திறந்தாள்.

"இரு, இரு!" என்று ஓடிவந்தார் ஞானப்பழம். அப்போதுதான் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்திருந்தார். 'நீக்கம், எல்லா வீட்டுக்கும் அறிவித்த பிறகே செல்லும்.'

"தெருவுல நின்னு கூவிச் சொல்லிருவோம்," என்றார் தவசி.

"விதி இன்னும் இருக்கே! கூவினாத்தான் விதி போகும். விதி போனாத்தான் கூவலாம்."

நடுத்தெருவில் மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில், கூவாமல் காதுக்குள் சொன்னால் குற்றமில்லை என்று முடிவாயிற்று. ஆம்பிளைகள் வீடு வீடாகப் போய்ப் பொம்பிளைகள் காதில் முணுமுணுத்தால் ஊர் என்ன சொல்லும்? ஆகவே அந்த வேலையும் அன்னக்கொடி தலையில் விழுந்தது. அறுபத்து மூன்று வீடு.

ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். "அக்கா, காதைக் கொடுங்க. இனிமே தெருவுல கூவலாமாம்."

"அப்படியா? அட, நீ கீரையா விக்கிற? நீ ஆடு மேய்க்கிறன்னுல்ல நினைச்சேன்! ரெண்டு கட்டுக் கொடு."

அறுபத்திரண்டு வீடு முடிந்தபோது கூடையில் ஒரே ஒரு கட்டு மிச்சம். கூடையின் அடியில் எந்த மாதிரிப் பின்னல் போட்டிருக்கிறார்கள் என்பதை அன்னக்கொடி அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். இந்த ஒரு வீடும் முடிந்தால் நாளையிலிருந்து வாய்விட்டுக் கூவலாம். சூளையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

கடைசி வீட்டு வாசலில் சடையன் தாத்தா எப்போதும்போல நின்றுகொண்டிருந்தார். அன்னக்கொடிக்குப் பின்னால் எட்டு ஆடுகள். ஆடுகளுக்குப் பின்னால் மூன்று பேர், திறந்த பேனா, திறந்த மைப்பெட்டி, ஓங்கின முத்திரை. யாராவது ஒரு சத்தம் போடட்டும், விதி 'இருக்கட்டும்' என்று குத்திவிடுவார்கள்.

அவள் தாத்தாவின் வலது காதில் சொன்னாள். அவர் சிரித்தார். இடது காதில் சொன்னாள். அதற்கும் சிரித்தார். பிறகு கையைக் காதோரம் குவித்து, அவளை நோக்கிக் குனிந்தார்.

"ஒண்ணும் கேக்கலை தாயி! தெருவுக்கே கேக்கிற மாதிரி கொஞ்சம் கத்திச் சொல்லேன்!"