இரண்டாவது வாய்

பாளையங்கோட்டையில் செண்பகவல்லி என்றொருத்தி அகராதி தொகுத்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அவளிடம் வேலை கற்க வந்த ஞானதுரைக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டதால் அவளும் அப்படியே கூப்பிட்டாள். குரு சீடனை மாஸ்டர் என்று அழைத்த கூடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொருள் எழுதுவதற்கு முன் சீட்டு எழுத வேண்டும். சீட்டில் மூன்று வரி. யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது, அப்போது அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார். ஒரே பொருளில் இரண்டு வாய் சொல்லியிருந்தால்தான் அது அகராதிக்குள் வரும். ஒற்றை வாய்ச் சீட்டு டப்பாவிலேயே கிடக்கும்.

ஞானதுரைக்கு வந்த சொல் எனர்ஜெடிக்.

"இதுக்கு என்னம்மா சீட்டு? சுறுசுறுப்பான, துடிப்பான. முடிஞ்சு போச்சு" என்றார்.

"யார் சொன்னா?"

"எல்லா அகராதியிலயும் இருக்கு."

"அகராதிக்கு வாய் கிடையாது மாஸ்டர்."

அவர் புறப்பட்டுப் போனார். பத்து நாளில் நாற்பது சீட்டு கொண்டுவந்தார். பீரோ மேல் ஏறிக் குதிக்கும் பேரனைப் பற்றி ஒரு தாத்தா சொன்னது. நின்றபடியே ஐந்து வகுப்பு எடுக்கும் கணக்கு டீச்சரைப் பற்றித் தலைமையாசிரியர் சொன்னது. பந்துக்குப் பின்னால் பாய்ந்தவனைப் பற்றிக் கிரிக்கெட் வர்ணனையாளர் சொன்னது. செண்பகவல்லி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்காங்க" என்றாள்.

"ஓடுறவனுக்குத்தானம்மா இந்த வார்த்தை? படுத்துக் கிடக்கிறவனுக்கா?"

அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி ஜெயமணி பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். வலது கையும் காலும் வரவில்லை. முதல் ஆறு மாதம் தினமும் காலையில் கட்டிலருகே நின்று விசில் ஊதி, ஒன் டூ சொல்லிப் பயிற்சி கொடுத்தார். கை அசையவில்லை. கத்தினார். அப்போதும் அசையவில்லை. பிறகு விசிலை ஆணியில் மாட்டிவிட்டு, காலை ஒன்பது மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கினார். அந்தக் கட்டிலைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை அவளை ஒரு காப்பகத்தில் சேர்ப்பதாக முடிவு செய்து, அன்றைக்கு லீவும் கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கோபமாக வந்தார்.

"தப்பும் தவறுமா பேசுதாவம்மா. வீட்டுல அவளைப் பாத்துக்கிடுத நர்ஸு இசக்கி இருக்கால்லா, நான் செருப்பு மாட்டும்போது சொல்லுதா, 'அம்மா இப்பல்லாம் ரொம்ப எனர்ஜெடிக்கா இருக்காவ சார்'னு. யாரு? ஜெயமணியா? சும்மா கிடன்னு ஒரு சத்தம் போட்டுட்டு வந்தேன்."

"சீட்டு எழுதினீங்களா?"

"தப்பா சொன்னதுக்கு எதுக்கு சீட்டு?"

செண்பகவல்லி ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் எழுதினார். யார் சொன்னது, இசக்கி. யாரைப் பற்றி, ஜெயமணி. மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?"

"தெரியாது."

"அப்போ தப்புன்னு எப்படித் தெரியும்? போய்ப் பாத்துட்டு வாங்க."

வேலை நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனதே இல்லை. சத்தம் காட்டாமல் கதவருகே நின்றார். ஜெயமணியை இசக்கி சாய்த்து உட்கார வைத்திருந்தாள். மடியில் ஒரு கைக்குட்டை. அவருடையதுதான். வலது கையின் ஒரு விரல் கைக்குட்டையின் ஓரத்தைத் தேடிப்போனது. தொட்டது, வழுக்கியது, மறுபடியும் போனது. ஜெயமணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மைதானத்தை நாலு சுற்று ஓடி வந்த பையன்களுக்கு வேர்ப்பதுபோல் அவள் நெற்றி வேர்த்திருந்தது. அந்த வேர்வை அவருக்கு நன்றாகத் தெரியும்.

இசக்கி அவரைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து வந்தாள்.

"ஒரு மாசமா மடிக்காவ சார். நீங்க போனதும் ஆரம்பிப்பாவ. ஒண்ணை மடிச்சு முடிக்க ஐம்பது நிமிஷம் ஆவும். சொல்லக் கூடாதுன்னு சைகை காட்டுவாவ. ஆனா இன்னைக்கு என்னால அடக்க முடியல."

ஞானதுரை சட்டைப் பைக்குள் கைவிட்டார். காலையில் எடுத்து வைத்த கைக்குட்டை அங்கே இருந்தது. நாலாக மடிந்திருந்தது, ஓரம் கொஞ்சம் கோணலாக. ஒரு மாதமாகத் தினமும் அந்தக் கோணலைப் பார்த்து, இசக்கிக்குத் துணி மடிக்கத் தெரியவில்லை என்று அவர் மனதுக்குள் திட்டியிருக்கிறார். கட்டிலருகே போகக் கால் வரவில்லை. அப்படியே திரும்பி நடந்தார்.

சீட்டைச் செண்பகவல்லியின் மேஜையில் வைத்தார். மூன்றாவது வரியில் எழுதியிருந்தது: கணவனின் கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது நிமிஷம்.

அவள் படித்தாள்.

"திங்கட்கிழமை லீவு வேண்டாம்மா" என்றார் அவர்.

அவள் தலையசைத்தாள். சீட்டை நாற்பதோடு சேர்க்கவில்லை. டப்பாவைத் திறந்து தனியாக அதில் போட்டாள்.

"ஏம்மா? இதைச் சேக்கக் கூடாதா?"

"ஒரு வாய்தானே இருக்கு. இன்னொரு வாய் வேணும்."

"யாரும்மா சொல்லப் போறா? அந்த வீட்டுல இசக்கிய விட்டா நான் மட்டும்தான்."

செண்பகவல்லி இன்னொரு வெற்றுச் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மணி பன்னிரண்டுதான் ஆகுது மாஸ்டர். அவங்க முழிச்சுத்தான் இருப்பாங்க."