நானே எல்லாம்

பிரசவ அறையில் ஒரு தாய்க்கு அரிய வகை இரத்தம் உடனடியாகத் தேவைப்பட்டது. கொடையாளர் முகவரிகளோ இரத்த வங்கியின் சர்வருக்குள் இருந்தன. அதன் நிர்வாகிக் கடவுச்சொல்லை இயக்குநர் குலோத்துங்கன் மறந்துவிட்டார்.

"நான் மறக்கலம்மா, சர்வர்தான் மறந்துடுச்சு! இப்பவே திற, இல்லேன்னா உன் வேலை போயிடும்!" என்று கணினிப் பணியாளர் ஜெசிந்தாவிடம் சீறினார்.

"திறக்கிறேன் சார். இந்த வங்கியை நடத்துறது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"இதென்ன கேள்வி? நானே எல்லாம்!"

நாள்தோறும் அவர் முழங்கும் அதே சொல்லை ஜெசிந்தா தட்டினாள். சர்வர் திறந்தது. கொடையாளர் விரைந்து வந்தார். தாயும் சேயும் பிழைத்தனர்.

குலோத்துங்கன் கண்கலங்கிக் கைகூப்பினார். கடவுச்சொல்லையும் அன்றே மாற்றினார். புதியதை எவரும் அறியார் என்பது அவர் நம்பிக்கை. ஆனால், அன்பர்களே, நாவில் ஓயாமல் புரளும் சொல் நெஞ்சைக் காட்டிவிடும். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அவர், "எல்லாம் உங்களால்தான்" என்கிறார்.