மூன்று உருண்டை வெல்லம்

கதை என்றால் ராஜா வேண்டும் என்பீர்கள். சரி, இதிலும் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவருக்கு இந்தக் கதையில் இரண்டே வேலை. தொடக்கத்தில் முரசு அறைவிப்பார், முடிவில் தராசு பிடிக்கச் சொல்வார். நடுவில் உள்ள பாடெல்லாம் கொற்றனுக்கும் அவன் மனைவி அலரிக்கும்தான். காது கொடுத்துக் கேளுங்கள்.

நம் பாட்டன்மாருக்கும் பாட்டன்மார் பிறப்பதற்கு முன்னே, விளக்குமலை என்றொரு மலையின் அடியில் இரண்டு ஊர்கள் இருந்தன. கிழக்கே நெல்லிக்கரை, மேற்கே இடையன்பாடி. இரண்டுக்கும் சேர்த்து மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றுதான். எந்த ஊருக்கு முதலில் தண்ணீர் திரும்புகிறதோ அந்த ஊரில் நெல் விளையும். அடுத்த ஊருக்கு மிஞ்சும் தண்ணீரில் வரகும் சாமையும் வந்தால் உண்டு.

இதற்காக இரண்டு ஊரும் மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்நாட்டு ராஜா ஒரு வழக்கம் வைத்திருந்தார். தைப் பௌர்ணமியன்று இரு ஊர் மல்லர்களும் மோதுவார்கள். வென்ற ஊருக்கு முதல் தண்ணீர். வென்ற மல்லனைக் கோயில் தராசில் உட்காரவைத்து, அவன் எடைக்கு எடை அரண்மனை வெல்லம் தருவார்கள். அந்த வெல்லத்தை உருண்டை பிடித்து ஊரில் வீட்டுக்கு வீடு பங்கிடுவார்கள்.

நெல்லிக்கரையின் மல்லன் கொற்றன். அவன் தட்டில் உட்கார்ந்தால் எதிர்த்தட்டில் வெல்லம் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு மூன்று உருண்டை. அக்கம்பக்கத்து ஊர்களில் எந்த மல்லனுக்கும் ஒன்றரை உருண்டைக்கு மேல் வந்ததில்லை. ஆகவே கொற்றனின் உடம்பு கொற்றனுக்கு மட்டும் சொந்தமாக இல்லை. ஊரே அதைத் தன் சொத்தாக நினைத்தது. ஒரு வீட்டிலிருந்து நெய் வரும், ஒரு வீட்டிலிருந்து அதிரசம் வரும், ஒரு வீட்டிலிருந்து கறிக்குழம்பு வரும். அவன் ஒரு கவளம் கூடத் தின்றால் நமக்கு ஒரு துண்டு வெல்லம் கூட வரும் என்று கணக்குப் போட்டே ஊட்டினார்கள். பாசமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே சட்டியில் வெந்தன.

இப்படி இருக்கையில் மூன்று ஆண்டுகளாக இடையன்பாடியிலிருந்து கொற்றனோடு மோத ஒருவரும் வரவில்லை. ராஜாவுக்கு இது சரியாகப் படவில்லை. ஆடி மாதம் முரசு அறைவித்தார்.

"இந்தத் தைக்கு மல்லு கிடையாது. ஊருக்கு ஓர் ஆள். கையில் எண்ணெய்க் குடம். யார் முதலில் மலையுச்சியில் விளக்கேற்றுகிறாரோ அவர் ஊருக்கே முதல் தண்ணீர். எடைக்கு எடை வெல்லம் பழையபடியே."

நெல்லிக்கரையார் கூடிப் பேசினார்கள். பேச என்ன இருக்கிறது, மல்லுக்கு நின்றவன் மலைக்கு நிற்கமாட்டானா என்று கொற்றன் பெயரையே சொல்லி அனுப்பினார்கள். அதோடு விட்டார்களா? மலையேறத் தெம்பு வேண்டுமே என்று நெய்யையும் அதிரசத்தையும் இரட்டிப்பாக்கினார்கள். மலையேறுகிறவன் தன் உடம்பையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பது அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொற்றனுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் மலையேறிப் பார்த்தான். விளக்குமலைப் பாதையில் மூன்று இடங்கள். முதலில் புளியமரம், அதற்கு மேலே சுனை, அதற்கும் மேலே வழுக்குப்பாறை. புளியமரத்தடியிலேயே அவனுக்கு மூச்சு முட்டியது. முழங்கால் இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. உட்கார்ந்தவன் நெடுநேரம் எழவில்லை.

வீட்டுக்கு வந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவனிடம் அலரி என்னவென்று கேட்டாள். அவ்வளவு பெரிய ஆள் தலையைக் குனிந்துகொண்டான்.

"அலரி, நான் தோத்துருவேன். என்னால ஊரு வயலெல்லாம் காயப்போகுது."

"எவ்வளவு தூரம் ஏறுனீங்க?"

"புளியமரம் வரைக்கும்."

"அப்போ புளியமரம் வரைக்கும் ஏறியாச்சு. மிச்சத்தைத்தானே இனி பாக்கணும்" என்றாள் அலரி.

மறுநாளிலிருந்து ஊர் தந்த நெய்யும் அதிரசமும் வாசலோடு திரும்பின. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும். பகலில் சோறும் கீரையும் பயறும். பொழுது சாய்வதற்குள் இன்னொரு வேளை. வயிறு நிறையத்தான் தின்றான், ஆனால் வழிய வழியத் தின்னவில்லை. தினமும் மலையேறினான். அலரியும் கூடவே ஏறினாள். அவன் மூச்சு வாங்கினால் அவளும் நின்றாள். அவன் எழுந்தால் அவளும் எழுந்தாள்.

ஆவணியில் புளியமரத்தைத் தாண்டினான். புரட்டாசியில் சுனை கண்ணுக்குத் தெரிந்தது. கழுத்து தெரிந்தது, தோள் எலும்பு தெரிந்தது, மோதிரம் விரலில் சுழன்றது. கொற்றனுக்கு உள்ளுக்குள்ளே ஒரே மகிழ்ச்சி. உடம்பு தன் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டதே என்று தெருவில் நிமிர்ந்து நடந்தான்.

அந்த நிமிர்ந்த நடைக்குத்தான் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

முதலாவது ஆள் செக்காட்டும் பூதன். "என்ன கொற்றா, பாதியாயிட்ட? காத்தடிச்சா பறந்துருவ போலிருக்கே. இப்படியே போனா வீட்டுக்கு ரெண்டு உருண்டைதான் தேறும்" என்றான். கொற்றன் சிரித்து வைத்தான். ஆனால் வீடு வரும்வரை அந்தச் சொல் செருப்பில் புகுந்த கல்லாக உறுத்தியது.

இரண்டாவது ஆள் கொற்றனின் அக்காள் நங்கை. நேரே வீட்டுக்குள் வந்து அலரியைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பிக்குக் கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு. வீட்டுல உலை வைக்கிறியா இல்லியாடி?" கொற்றன் மலையைப் பற்றிச் சொன்னான், மூச்சைப் பற்றிச் சொன்னான், முழங்காலைப் பற்றிச் சொன்னான். நங்கை ஒன்றையும் காதில் வாங்கவில்லை. போகும்போது தெருவில் நாலு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அலரி கொல்லைப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எதற்கு இந்த நேரத்தில் முகம் கழுவுகிறாள் என்று கொற்றன் கேட்கவில்லை, அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது ஆள் பானை வனையும் காத்தாயி. ஈர மண் ஒட்டிய கையோடு ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "துரும்பா இளைச்சுட்டியேப்பா. ராத்திரியில இருமல் வருதா? எதுவும் நோவு இருந்தா மறைக்காம சொல்லு."

இரண்டு பேரிடம் அடக்கிய கோபம் மூன்றாவது ஆளிடம் வெடித்தது. "எனக்கு ஒரு நோவும் இல்ல. போய் உன் பானையைப் பாரு" என்று கையை உதறினான். காத்தாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அன்று முதல் கொற்றனுக்கு ஒரு வீம்பு பிடித்தது. இளைத்ததற்கு இத்தனை பேச்சு வாங்கியாகிவிட்டது, உச்சிக்குப் போகவாவது வேண்டாமா, சீக்கிரம் இன்னும் இளைத்துவிடலாம் என்று நினைத்தான். அலரி பார்க்காதபோது கூழை மாட்டுத்தொட்டியில் ஊற்றினான். ஒரு நாள் ஊற்றினான், இரண்டு நாள் ஊற்றினான். மூன்றாம் நாள் சுனைக்குப் பக்கத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்தான்.

அலரி சுனைநீரை முகத்தில் தெளித்தாள். கண் திறந்தவனைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள்.

"உடம்பை லேசாக்கணும்னு தானே ஏறுனோம். இல்லாமலே ஆக்கணும்னு யாரு சொன்னா? ஊரு வாயை மூடுறதுக்காக உங்க வயித்தை மூடுவீங்களா? எனக்கு நெல்லும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம். நீங்க முழுசா வேணும்."

கொற்றன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பூதன் சொன்னதற்கும் நங்கை சொன்னதற்கும் வராத கண்ணீர் அப்போது வந்தது. கொஞ்சம் தெளிந்ததும் அலரி இன்னொன்றும் சொன்னாள்.

"காத்தாயி அக்காவை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவ புருசன் இளைச்சு இளைச்சுத்தான் செத்துப்போனான். முதல்ல இருமல்தான் வந்துச்சு. அவ உங்களைப் பாக்கல, அவனைத்தான் பாத்தா."

மறுநாள் கொற்றன் காத்தாயி வீட்டுக்குப் போனான். வாசலில் இருந்ததிலேயே பெரிய பானையை எடுத்து, குளத்தில் நிறைத்து, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே வந்து இறக்கினான். ஒரு சொட்டும் சிந்தவில்லை, ஒரு மூச்சும் வாங்கவில்லை.

"பாத்துக்க அக்கா. எனக்கு நோவு இல்ல. மலைக்காகத்தான் இளைச்சேன். நீ பயந்து கேட்ட, நான் புரியாம கத்திட்டேன்."

காத்தாயி அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே மூச்சு சுத்தமாக வந்து போயிற்று. கேட்டபிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கென்று மெல்லிய ஓட்டில், குறுகிய வாயோடு ஓர் எண்ணெய்க் குடம் வனைந்து கொடுத்தாள்.

அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் கொற்றனிடம் ஒரே பதில்தான். பூதன் கேலி செய்தபோதும் அதைத்தான் சொன்னான். ஓடைக்கரையில் கேட்டவர்களிடமும் அதைத்தான் சொன்னான். "ஆமா, இளைச்சிருக்கேன். தைப் பௌர்ணமிக்கு மலையடிக்கு வந்து பாருங்க." சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். நங்கையிடம் மட்டும் கூட ஒரு வார்த்தை சேர்த்தான். "அக்கா, அலரியை இனிமே ஒண்ணும் சொல்லாத. நான் ஏறுற மலையை அவளும் ஏறுறா."

ஐப்பசியில் சுனையைத் தாண்டினான். கார்த்திகையில் வழுக்குப்பாறையைத் தொட்டான். மார்கழியில் உச்சியில் நின்று ஊரைப் பார்த்தான். அலரி பக்கத்தில் நின்றாள்.

தைப் பௌர்ணமி வந்தது. இடையன்பாடியிலிருந்து ஏறன் என்ற இளைஞன் வந்திருந்தான். ஆடு மேய்ப்பவன், மலையிலேயே வளர்ந்தவன், விலா எலும்பை எண்ணிவிடலாம். முரசு ஒலித்ததும் ஆட்டுக்குட்டிபோல் தாவிக்கொண்டு போனான். கொற்றன் தன் மூச்சு அளவாக அடிவைத்துப் போனான்.

புளியமரத்தில் ஏறன் வெகுதூரம் முன்னே. சுனையில் கொஞ்சதூரம் முன்னே. வழுக்குப்பாறையில் இருவரும் ஒன்றாக. அங்கே ஒரு கையில் குடத்தோடு ஒற்றைக்காலை ஊன்றி உடம்பை மேலே உந்த வேண்டும். ஏறனின் கால் நடுங்கியது. கொற்றனின் கால் இத்தனை ஆண்டுகள் அந்தப் பெரிய உடம்பைச் சுமந்து உரமேறிய கால். இப்போது சுமை குறைந்துவிட்டது, உரம் அப்படியே இருந்தது. ஒரு உந்து, இரண்டு உந்து, மூன்றாவது உந்தில் உச்சி.

மலைமேல் விளக்கு தெரிந்ததும் நெல்லிக்கரை முழுதும் குலவையிட்டது. ஓடை கிழக்கே திரும்பியது.

பிறகு தராசு வந்தது. கொற்றன் தட்டில் உட்கார்ந்தான். எதிர்த்தட்டில் வெல்லம் வைக்க வைக்க, சீக்கிரமே இரண்டும் சமமாயின. வீட்டுக்கு இரண்டே உருண்டை. கூட்டத்தில் பூதன் முணுமுணுத்தான். வேறு சிலரும் முகம் வாடினார்கள். தண்ணீர் கிடைத்த மகிழ்ச்சி அதற்குள் பழையதாகிவிட்டது.

கொற்றன் தட்டிலிருந்து இறங்காமல் ராஜாவைக் கும்பிட்டான்.

"மகாராசா, மலையேறுன ஆளுல பாதிதான் இங்க உக்காந்திருக்கு. மீதி அங்க நிக்குது. என்னை இளைச்சவன்னு மட்டும்தான் சொன்னாங்க. அவளைப் புருசனைப் பட்டினி போட்டவள்னு சொன்னாங்க. அவ அதையும் சுமந்துகிட்டு என்கூட ஏறுனா. அவளையும் இந்தத் தட்டுல உக்காரவைக்கணும்."

ராஜா கூட்டத்தைப் பார்த்தார், அலரியைப் பார்த்தார், தராசின் சங்கிலியைப் பார்த்தார். "சங்கிலி தாங்கும். உட்காரட்டும்" என்றார்.

அலரி வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போனாள். அவள் கையைப் பிடித்து அழைத்து வந்து தட்டில் உட்காரவைத்தது யார் தெரியுமா? நங்கைதான். உட்காரவைத்தவள் அலரியின் கன்னத்தைத் தொட்டாள். "நான் பேசினது தப்பும்மா" என்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள். மறுபடி வெல்லம் ஏறியது. வீட்டுக்கு மூன்று உருண்டை, அதற்கும் மேலே ஒரு கைப்பிடி மிஞ்சியது.

அந்தக் கைப்பிடி வெல்லத்தை எடுத்துக்கொண்டு கொற்றன் ஏறனைத் தேடிப் போனான். ஏறன் மலைப்பாதையில் புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் விலா எலும்பைப் பார்த்ததும், "என்ன தம்பி, இப்படி எலும்பும்..." என்று கொற்றனுக்கு வாய்வரை வந்துவிட்டது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பக்கத்தில் உட்கார்ந்து, வெல்லத்தை அவன் கையில் வைத்து, "வழுக்குப்பாறையில எந்தப் பக்கமா கால் வச்ச தம்பி?" என்று கேட்டான். ஏறனின் முகம் மலர்ந்தது. இருவரும் பொழுது சாயும்வரை மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஒருவர் உடம்பைப் பார்த்துச் சொல்ல வாய் திறக்கும் முன், அந்த உடம்பு எந்த மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அன்போடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.