வந்தப்ப இருந்த மாதிரி

அக்கா தங்கச்சி மூணு பேரைக் கட்டின சகலைகள் மூணு பேர் ஒரே வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். மூத்தவர் மாசிலாமணி, நடு ஆள் தணிகைவேல், கடைசி குப்புராஜ். மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு என்று தெருவில் சொல்வார்கள். அது எந்த நாளில் யாரிடம் இருக்கும் என்பதில்தான் குழப்பம்.

ஆறு வருஷம் கழித்து ஊரின் மறுகோடியில் வேறு வீடு பார்த்தார்கள். புதன்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பால் காய்ச்ச வேண்டும். பெண்கள் திங்கட்கிழமையே சாமான்களோடு கிளம்பிவிட்டார்கள்.

"வீட்டை ஒழுங்கா ஒப்படைச்சிட்டு நேரத்துக்கு வந்து சேருங்க" என்றாள் மாசிலாமணியின் பெண்டாட்டி செண்பகம். "நேரம் தப்புச்சுன்னா நாங்க மூணு பேரும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவோம்."

வீட்டுக்காரர் வேதகிரி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். "நீங்க வந்தப்ப வீடு எப்படி இருந்துச்சோ, அதே மாதிரி ஒப்படைக்கணும்."

மூவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க முகம் தொங்கிப்போனது.

"சகலை, நாம வந்தப்ப சமையக்கட்டுல ஒரு குழி இருந்துச்சே?"

"பொம்பளைங்க கொத்தனாரைக் கூப்பிட்டு கான்கிரீட் போட்டு மூடிட்டாங்க."

"நமக்குத் தெரியாமலா?"

"நாமதான் மணல் சலிச்சுக் கொடுத்தோம்."

கடப்பாரை வந்தது. கொத்தனார் நல்ல வேலைக்காரர், தரை லேசில் விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாகக் குழி விழுந்தது. குப்புராஜ் உள்ளே இறங்கி நின்றார்.

"அப்ப கணுக்கால் வரைக்கும்தான் இருந்துச்சு. இப்ப முட்டி வரைக்கும் வருதே."

"மிச்சம் நாம தோண்டின குழி, அதை வீட்டுக்காரருக்கு எதுக்கு சும்மா கொடுக்கணும்?" என்றார் தணிகைவேல். கலவை குழைத்து, குழியைக் கணுக்கால் அளவுக்குத் தூர்த்தார்கள்.

அடுத்தது தெருப்பக்கச் சுவர். அதில் முன்பு மேலிருந்து கீழே ஒரு விரிசல் இருந்தது. அதையும் கொத்தனார் பூசி மறைத்திருந்தார். மாசிலாமணி உளியை எடுத்தார்.

"உளியால போட்டா அது வெட்டு, சகலை" என்று தடுத்தார் தணிகைவேல். "விரிசல்னா தானா விடணும்."

"தானா எப்படி விடும்?"

"பூசிட்டுத் தண்ணி விடாம போட்டா வெடிச்சிடும்னு கொத்தனார் சொன்னாரே."

"அப்ப பூசிட வேண்டியதுதான்."

ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கி வந்து சுவர் முழுக்கப் பூசினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அடித்துப் பெய்கிற மழை இல்லை, சிமெண்டுக்கு என்றே அளந்து விட்ட மாதிரி தூறல். சுவர் பன்னிரண்டு அடி, குடை ஒன்று. மூவரும் முறை வைத்துக் குடையோடு சுவர் நீளத்துக்கும் ஓடினார்கள்.

புதன்கிழமை காலை சுவரில் மயிரிழை விரிசல்கூட விடவில்லை. தெருவில் போன ஒருவர் நின்று தட்டிப் பார்த்தார். "யாருங்க கொத்தனார்? வேலை சுத்தமா இருக்கே."

குப்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்பதரைக்கு வேதகிரி வந்தார். சமையக்கட்டைப் பார்த்தவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்லு மாதிரி இருந்த தரையாச்சேய்யா."

"குழி அளவு மாறல, நீங்க கால் விட்டுப் பார்த்துக்கலாம்" என்றார் மாசிலாமணி. "விரிசல்தான் பாக்கி. வெயில் காலத்துல வந்துடும்."

"ஒண்ணும் வர வேணாம் சாமி. புதுசா குடி வர்றவங்க பதினோரு மணிக்கு வந்து நிப்பாங்க. அதுக்குள்ள எதையாவது போட்டு மூடணும். சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

மாசிலாமணி சாவியை நீட்டினார். குப்புராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க சகலை. நாம வந்தப்ப இவரு மீசை கறுப்பா இருந்துச்சு."

மூவரும் குனிந்து உற்றுப் பார்த்தார்கள். ஒரு முடிகூடக் கறுப்பில்லை.

"ஆறு வருஷமா கவனிக்காம விட்டுட்டோமே" என்றார் தணிகைவேல். "நாம இருந்தப்ப ஆனது. நாமதான் சரி பண்ணணும்." குப்புராஜ் கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் மீசைச் சாயம் வாங்கி வந்தார்.

வேதகிரி சாவியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மாசிலாமணியின் இன்னொரு கையில் இருந்த கடப்பாரையையும் பார்த்தார். "சீக்கிரம் போட்டுத் தொலைங்க" என்று முகத்தை நீட்டினார்.

பத்தேகாலுக்கு செண்பகம் போன் போட்டாள். "பால் அடுப்புல ஏறிடுச்சு. இன்னும் அங்க என்ன பண்றீங்க?"

"வீட்டு வேலை முடிஞ்சிடுச்சு செண்பகம்" என்றார் மாசிலாமணி. "வீட்டுக்காரரைத்தான் இப்பப் பூசியிருக்கோம். காஞ்சதும் வந்துடறோம்."